பிள்ளையின் ஓய்வு நேரம் யாருக்குச் சொந்தம்?



சங்கத்தின் இந்த ஏட்டில் மார்க்க விஷயங்களை ஆலிம்களும், கல்வி விஷயங்களை ஆசிரியர்களும் எழுதி வருகிறார்கள். நான் அந்த இரண்டு கூட்டத்திலும் சேர்ந்தவன் அல்லன். ஆரம்பப் பள்ளியில் ஆறு வருஷம், மத்ரஸாவில் சில வருஷம், அதற்குப் பிறகு இன்றுவரை கடைக் கல்லா. இவ்வளவுதான் என் படிப்பு. பினாங்கு மாநிலம் செபராங் பிறையில் ஒரு சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற பெற்றோர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எந்தப் பிள்ளை எந்த வகுப்புக்குப் போகிறது, இன்னும் எதில் சேர்க்கலாம் என்பதே அந்தப் பேச்சின் சாரம். எதை விடலாம் என்று எவரும் கேட்டு நான் கண்டதில்லை. நானும் கேட்டவன் அல்லன். கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் எனக்கு எப்படி வந்தது என்பதையும், அதனால் என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியையும் இங்கே வைக்கிறேன். பெரியவர்கள் பிழை கண்டால் திருத்தவும்.

சுவரில் ஒட்டிய அட்டவணை

என் மகன் ஐந்தாம் ஆண்டுக்குப் போனபோது, அவனுக்கு ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடைக் கணக்கு எழுதுகிறவன் கை அல்லவா, கோடு போட்டு அழகாகவே எழுதினேன். காலை 5.45-க்கு எழுந்திருக்க வேண்டும். சுபுஹுத் தொழுகை, பசியாறல். 6.45-க்கு வேன். 7.30 முதல் 1.00 வரை பள்ளி. பிறகு லுஹர், சாப்பாடு. 2.30 முதல் 5.00 வரை கஃபா வகுப்பு. அஸர் தொழுத கையோடு 5.30 முதல் 7.00 வரை டியூஷன். மஃரிபுக்குப் பின் முக்கால் மணி நேரம் உஸ்தாது வந்து குர்ஆன் ஓதக் கொடுப்பார். இஷா, இராச் சாப்பாடு. 9.00 முதல் 10.00 வரை வீட்டுப் பாடம். 10.15-க்குப் படுக்கை. ஒரு கால்மணி நேரம்கூட வீண் போகாமல் அமைத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். வீட்டுக்கு வந்த உறவினர்கள் பார்த்து மெச்சினார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துப் போய்த் தம் மகளுக்கும் அதே மாதிரி எழுதினார்.

அந்த அட்டவணையில் பள்ளியின் இடைவேளையை நான் குறிக்கவே இல்லை. அது பள்ளிக்கூடத்தார் கொடுக்கிற இருபது நிமிடம். பிள்ளைகள் மலாயில் 'ரெஹாட்' என்று சொல்வார்கள். அதை ஒரு நேரமாகவே நான் நினைக்கவில்லை.

கணக்கப்பிள்ளை சொன்ன சட்டம்

சில மாதம் சென்றபின் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பையன் வியாபாரமும் பழக வேண்டுமே, கஃபா வகுப்பு இல்லாத நாட்களில் கடையில் ஒரு மணி நேரம் உட்காரட்டும் என்று நினைத்தேன். கடைக் கணக்குப் பார்க்க வருகிறவரிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாய், சொந்தக் கடையே ஆனாலும் சட்டம் உண்டு. மணிக்கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி, பிள்ளைகளின் வேலை சம்பந்தமான 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து விளக்கினார்.

நம் நாட்டின் அந்தச் சட்டப்படி, பிள்ளையைத் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் அரைமணியாவது ஓய்வு தர வேண்டும். இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை வேலை கூடாது. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் பதினான்கு மணி நேரம் விட வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளையானால், பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஏழு மணியைத் தாண்டக் கூடாது. பெரியவர்களுக்கும் கணக்கு உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தவருக்கு அரைமணி ஓய்வு கொடுத்தாக வேண்டும். இதை நான் முன்பே அறிவேன். என் கடை ஆட்களுக்குக் கொடுத்தும் வருகிறேன்.

அன்று இரவு கடை அடைத்து வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டவணை கண்ணில் பட்டது. கூட்டிப் பார்த்தேன். பள்ளி ஐந்தரை மணி, கஃபா இரண்டரை, டியூஷன் ஒன்றரை, ஓதல் முக்கால், வீட்டுப் பாடம் ஒன்று. ஆக மொத்தம் பதினொன்றேகால் மணி நேரம். பள்ளியும் கஃபாவும் சேர்ந்தாலே எட்டு. இரவு பத்து மணிக்கு முடிந்து காலை ஏழரைக்கு மறுபடி தொடங்கினால் இடையில் இருப்பது ஒன்பதரை மணி. அதே பிள்ளையை அத்தனை மணி நேரம் கடையில் அரிசி நிறுக்க வைத்திருந்தால் நான் குற்றவாளி. புத்தகத்தின் முன் வைத்ததால் நல்ல தகப்பன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

நல்லதற்கும் அளவு உண்டா?

உடனே என் மனமே எனக்கு எதிர்வாதம் பேசிற்று. வேலையும் படிப்பும் ஒன்றாகுமா? அந்தச் சட்டம் வந்தது, பிறர் பிள்ளையின் உழைப்பில் முதலாளி இலாபம் காணக் கூடாது என்பதற்காக. படிப்பின் பலன் படிக்கிறவனுக்கே அல்லவா போகிறது? ஓதுவதோ இம்மைக்கும் மறுமைக்கும் நன்மை. நல்ல காரியத்துக்கு மணிக்கணக்கு என்ன?

இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. பல நாள் யோசித்தேன். மத்ரஸாவில் கேட்ட ஒரு வரலாறுதான் எனக்கு வழி காட்டிற்று. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) என்னும் இளம் தோழர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார். நோன்பையும் தொழுகையையும் விடச் சிறந்த காரியம் எது? ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தடுத்து, அவருடைய உடலுக்கும் கண்ணுக்கும் வீட்டாருக்கும் அவர்மீது ஹக்கு உண்டு என்ற கருத்தைப் போதித்தார்கள். காரியம் நல்லது என்பதால் அளவு தேவையில்லை என்றாகாது. தானாக விரும்பிச் செய்தவருக்கே அந்தப் போதனை என்றால், தகப்பன் எழுதி ஒட்டியதை வாய் பேசாமல் செய்கிற பத்து வயதுப் பிள்ளையின் விஷயத்தில் நாம் எத்தனை மடங்கு கவனமாக இருக்க வேண்டும்!

பலன் படிக்கிறவனுக்கே போகிறது என்பதும் முழு உண்மை அன்று. என் மகன் நல்ல மதிப்பெண் வாங்கினால் கடையில் நாலு பேரிடம் சொல்லிக் கொள்கிறவன் நான். அந்த இலாபம் என் கல்லாவில் விழவில்லையே தவிர, என் கணக்கில்தான் விழுந்தது. பிறர் பிள்ளையின் உழைப்பில் இலாபம் காண்பது தவறு என்றால், சொந்தப் பிள்ளையின் ஓய்வில் பெருமை காண்பதை என்னவென்று சொல்வது?

வேலி ஓரத்தில் இரண்டு நிமிடம்

இந்த யோசனை ஓடிக் கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, மகன் தண்ணீர்ப் புட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கடைப் பையனை அனுப்பாமல் நானே எடுத்துக் கொண்டு போனேன். போன நேரம் இடைவேளை நேரம். வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் கேண்டீனுக்கு ஓடினார்கள். வரிசை நீண்டு நின்றது. நாசி லெமாக் பொட்டலமும் மைலோவும் வாங்கி வருவதற்குள் சிலருக்குப் பத்து நிமிடம் போய்விட்டது. உட்கார இடம் கிடைக்காதவர்கள் நின்று கொண்டே விழுங்கினார்கள். கழிப்பறைக்கும் அதே இருபது நிமிடத்தில்தான் போய் வர வேண்டும். எஞ்சிய நாலைந்து நிமிடத்தில் திடலில் ஒருவரை ஒருவர் துரத்திக் கொண்டு ஓடினார்களே, அந்த ஓட்டத்தையும் சிரிப்பையும் என் வீட்டில் நான் பார்த்து வெகு காலமாகிவிட்டது.

மகனைக் கூப்பிட்டுப் புட்டியைக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? சட்டை ஏன் கசங்கியிருக்கிறது, கணக்குச் சோதனை என்றைக்கு, மத்தியானம் லுஹர் தவறாமல் தொழ வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். கண் மட்டும் திடலின் பக்கம் போய்ப் போய் வந்தது. கடைசியில், "அத்தா, மணி அடிச்சிடும். நான் போகட்டுமா?" என்றான்.

மரியாதையாகத்தான் கேட்டான். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவனுக்கென்று இருந்த நாலு நிமிடத்தில் இரண்டை நான் செலவழித்துவிட்டேன். பிறருடைய பொருளில் ஒரு வெள்ளியைக் கேளாமல் எடுத்தால் ஹராம் என்று அறிந்தவன் நான். ஒரு பிள்ளையின் நேரம் என்று வந்தபோது அது யாருக்கோ சொந்தமானது என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை.

என் தகப்பனாரின் வழக்கம்

என் தகப்பனார் சிறுவனாக இருக்கும்போது இராமநாதபுரம் சீமையிலிருந்து இங்கு வந்தவர். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியதையும், இறங்கிய மறுநாளே ஒரு கடையில் வேலைக்கு நின்றதையும் பல முறை சொல்லியிருக்கிறார். விடியுமுன் கடை திறந்து இரவு பத்துக்கு அடைப்பார்களாம், படுக்கை கடைக்குள்ளேயே. விளையாட்டு என்ற பேச்சே அவர் வாழ்க்கையில் இல்லை. "அவர்களெல்லாம் அப்படி உழைத்து முன்னுக்கு வரவில்லையா?" என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். நானும் சொன்னவனே.

ஆனால் அதே தகப்பனார் சொந்தக் கடை வைத்தபின் ஒரு வழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. கடை ஆள் சாப்பிட உட்கார்ந்துவிட்டால், எந்த வாடிக்கைக்காரர் வந்து நின்றாலும் அவரை எழுப்ப மாட்டார். தாமே எழுந்து நிறுத்துக் கொடுப்பார். ஒருநாள் கூட்டமான நேரத்தில் நான் அவசரப்பட்டு ஓர் ஆளைச் சோற்றிலிருந்து எழுப்பிவிட்டேன். தகப்பனார் எல்லார் முன்னிலும் என்னைக் கண்டித்தார். அவர் சிறுவனாக வேலை செய்த கடையில் பாதிச் சோற்றில் எத்தனை முறை எழுந்திருப்பார் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. தாம் பட்டதைப் பிறருக்கும் படுத்த வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. தாம் பட்டதால்தான் பிறருக்கு அது கூடாது என்று கண்டார். அவருடைய கஷ்டத்தை எடுத்துச் சொல்லிப் பிள்ளைகளை அடக்குகிற நாம், அவர் அதிலிருந்து கற்ற பாடத்தைக் கற்கவில்லை.

என் சிறு வயதையும் நினைத்துப் பார்த்தேன். முதல் மூன்று ஆண்டுகள் எனக்குப் பிற்பகல் பள்ளி. நாலாம் ஆண்டிலிருந்து காலைப் பள்ளி. மத்தியானம் ஓதப் போவோம். அஸருக்குப் பிறகு மஃரிபு பாங்கு கேட்கும் வரை திடல் எங்களுடையது. பந்து இல்லாவிட்டால் வெறுமனே மதில் மேல் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தை எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. பெரியவர்களுக்கு வேறு வேலை இருந்தது, அதனால் அது தானாகவே கிடைத்தது. இன்றைக்கு அப்படி இல்லை. அட்டவணை எழுதுகிற தகப்பன், ஏற்றிப் போகிற வேன், மாலை வகுப்பு நடத்துகிறவர், எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். தானாகக் கிடைத்ததை இப்போது நாம் வேண்டுமென்றே ஒதுக்கிக் கொடுத்தால்தான் உண்டு.

வெளிச்சமும் தூக்கமும்

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1982 ஜனவரி முதல் தேதி பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரங்களை அரைமணி முன்னால் நகர்த்தி, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். கடிகாரம் நகர்ந்தது, சூரியன் தன் நேரத்துக்குத்தான் உதிக்கிறது. பினாங்குப் பக்கம் பிப்ரவரி மாதத்தில் பொழுது புலரவே ஏறக்குறைய ஏழரை ஆகிறது. அந்த மாதத்தில் நம் பிள்ளைகள் இருட்டில் வேன் ஏறி, சூரியன் உதிக்கும் வேளையில் பள்ளி வரிசையில் நிற்கிறார்கள். சுபுஹுக்கு எழுவது நம் கடமை. அதை ஒருநாளும் சுமை என்று சொல்ல மாட்டேன். அப்படியானால் முந்திய இரவு முன்னதாகப் படுக்க விட வேண்டியதும் நம் கடமை அல்லவா? ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்கள் 2016-இல் கூடி ஆராய்ந்து சொன்னார்கள். என் அட்டவணையில் இருந்தது ஏழரை மணி.

பின்லாந்து நாட்டுப் பள்ளிகளில் நாற்பத்தைந்து நிமிடப் பாடத்துக்குப் பின் பதினைந்து நிமிடம் வெளியே விடுவது வழக்கம். அந்த நாடு படிப்பில் பின்தங்கிய நாடன்று. நம் நாட்டுப் பள்ளிகளின் நேரத்தை மாற்றுவது என் போன்றவர் கையில் இல்லை. பல இடங்களில் அறை போதாமல் காலை, பிற்பகல் என்று இரண்டு பள்ளியை ஒரே கட்டடத்தில் நடத்துகிறார்கள். அவர்களுடைய நெருக்கடி அவர்களுக்கு. ஆனால் மணி ஒன்றானதும் பள்ளி பிள்ளையை நம்மிடம் திருப்பித் தந்துவிடுகிறது. அதன் பின் உள்ள நேரம் நம் கையில் இருப்பது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபோது பிள்ளைகளின் பாரம் குறையும் என்று பலரும் பேசினோம். தேர்வு போயிற்று, நம் வீடுகளில் டியூஷன் போகவில்லை. ஆகவே குற்றத்தை முழுவதும் பள்ளியின் தலையில் போட நமக்கு நியாயம் இல்லை.

வீட்டில் நடந்த விவாதம்

மகனின் தாயாரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் காலையிலிருந்து இரவு வரை கடையில் இருப்பீர்கள். வகுப்பை நிறுத்தினால் பையன் திடலுக்கா போகப் போகிறான்? கைப்பேசியை எடுத்துக் கொண்டு மூலையில் உட்காருவான். தெருவில் விட்டால் வண்டி வாகனப் பயம். வகுப்பில் இருந்தால் எங்கே இருக்கிறான் என்றாவது தெரியும்" என்றார். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஓய்வு கொடுப்பது என்றால் கைகழுவி விடுவது அன்று. அதற்கும் பெரியவர்கள் சிறிது விலை கொடுக்க வேண்டும்.

முடிவில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். டியூஷனை ஐந்து நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைத்தோம். மற்ற மூன்று நாட்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் அவனுடையது. கைப்பேசி மட்டும் கிடையாது. என் கைப்பேசியும் அந்த நேரத்தில் அவன் கண்ணில் படக் கூடாது. மூன்று நாளும் நான் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். அவன் என்ன செய்கிறான் என்று கேட்க மாட்டேன். எங்கே இருக்கிறான் என்று மட்டும் பார்த்துக் கொள்வேன்.

முதல் இரண்டு வாரம் பையன் என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடினான். "அத்தா, சும்மா இருக்கப் பிடிக்கவில்லை" என்று வந்து நின்றான். பத்து வயதுப் பிள்ளைக்குச் சும்மா இருக்கத் தெரியாமல் செய்தவன் நான்தானே என்று வெட்கமாக இருந்தது. மூன்றாம் வாரம் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய சைக்கிளை இழுத்து வந்து அதன் சங்கிலியைக் கழற்றினான். அண்டை வீட்டுச் சீனப் பையன் ஒருவன் துணைக்கு வந்தான். இரண்டு மாதம் அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். அந்தச் சைக்கிள் இன்றுவரை சரியாக ஓடவில்லை.

மதிப்பெண் குறைந்தபோது

இதற்குப் பிறகு மகன் வகுப்பில் முதலாவதாக வந்தான் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். உண்மை அதுவன்று. வருஷக் கடைசிச் சோதனையில் மற்றப் பாடங்கள் இருந்தபடி இருக்க, கணக்கில் மட்டும் ஒரு தரம் கீழே இறங்கினான். அந்தத் தாளைக் கையில் வைத்துக் கொண்டு நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். டியூஷனை மறுபடி ஐந்து நாளாக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றிற்று.

அப்போதுதான் என் உண்மையான கேள்வி எனக்கே விளங்கிற்று. ஓய்வு கொடுத்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்று சொல்லி ஓய்வுக்குப் பரிந்து பேசுகிறோம். அது பெரும்பாலும் மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அதுவே காரணம் என்றால், மதிப்பெண் குறைந்த அன்றைக்கு ஓய்வைப் பறித்துக் கொள்ளலாம் என்று ஆகிவிடும். என் கடை ஆளுக்கு அரைமணி ஓய்வு கொடுக்கிறேனே, அவர் பின்னால் அதிகம் விற்பார் என்றா கொடுக்கிறேன்? வியாபாரம் மந்தமான மாதத்தில் அவருடைய சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தேனா? இல்லை. அது அவருடைய ஹக்கு. கூலி எப்படியோ ஓய்வும் அப்படியே. கொடுத்துவிட வேண்டிய கடன். கடனைத் திருப்பிக் கொடுப்பவன் அதனால் தனக்கு என்ன இலாபம் என்று கேட்பதில்லை. பிள்ளையின் விளையாட்டு நேரமும் அப்படியே என்பது என் அபிப்பிராயம். அது நாம் தருகிற பரிசு அன்று. ஆகையால் தண்டனையாக எடுத்துக் கொள்ளவும் நமக்கு அதிகாரம் இல்லை. உலக நாடுகள் 1989-இல் இயற்றிய பிள்ளைகள் உரிமை ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் விதி ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்றே சொல்கிறது. நம் நாடும் 1995-இல் அதில் சேர்ந்திருக்கிறது.

இதனால் கணக்கை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. டியூஷன் உள்ள இரண்டு நாட்களில் கணக்குக்கு அதிக நேரம் வைத்தோம். இரவில் அரைமணி நான் அவனோடு உட்காருகிறேன். கடைக் கணக்கைக் காட்டிப் பின்னமும் விழுக்காடும் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த அரைமணி என் ஓய்விலிருந்து போகிறது. அவன் ஓய்விலிருந்து போகவில்லை. மதிப்பெண் ஏறுமா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். அந்த மூன்று மாலைகள் இருந்தபடியே இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள்

நீட்டிய ஸுஜூது ஒன்றைப் பற்றி மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம்; நஸாயீ ஹதீஸ் தொகுப்பில் வருவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜமாஅத்தாகத் தொழ வைத்துக் கொண்டிருந்தபோது, ஸுஜூதில் இருந்த அவர்களுடைய முதுகின் மேல் பேரப்பிள்ளை ஏறிக் கொண்டார். ஸுஜூது வெகு நேரம் நீண்டது. பின்னால் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று அஞ்சினார்கள். தொழுகை முடிந்து காரணம் கேட்டபோது, பிள்ளை தன் ஆசை தீரு முன் அதை அவசரப்படுத்த விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் கிடைத்தது. ஒரு சபையே காத்திருந்தது. எதற்காக? ஒரு சிறு பிள்ளையின் விளையாட்டு முடிவதற்காக. இதைப் பல முறை கேட்டிருந்தும் அன்பின் பெருமை என்று மட்டும் நினைத்திருந்தேன். பெரியவர்களின் மிகப் பெரிய காரியமும் பிள்ளையின் நேரத்துக்காகச் சற்றுப் பொறுக்கலாம் என்ற பாடமும் அதில் இருப்பது இந்த வயதில்தான் எனக்குப் பட்டது.

நம் மக்களில் மாலை வகுப்பும் ஓதும் வகுப்பும் நடத்துகிறவர்கள் பலர். அவர்களிடம் என் தாழ்மையான வேண்டுகோள்: ஒரு மணி நேரத்துக்கு மேல் வகுப்பு இருந்தால் நடுவில் கால்மணி நேரம் பிள்ளைகளை வெளியே விடுங்கள். பாடம் முடிக்காத பிள்ளையை இடைவேளையில் உட்கார வைக்காதீர்கள். பாடத்துக்குப் பாட நேரம் இருக்கிறது. பெற்றோர்களிடம் இன்னொரு வேண்டுகோள்: இன்றிரவு பிள்ளையின் ஒரு நாள் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கடையில் வேலைக்கு வைத்த ஆளுக்கு அந்தத் தாளைக் கொடுக்க உங்களுக்கு மனம் வருமா என்று பாருங்கள். வேறு யாரும் உங்களைக் கேட்க வேண்டியதில்லை.

என் வீட்டுச் சுவரில் இப்போது புதிய அட்டவணை இருக்கிறது. மூன்று கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. போன வாரம் வந்த உறவினர் ஒருவர், "இங்கே எழுத மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மகன் முந்திக் கொண்டு, "அது என்னுடையது" என்றான்.

வஸ்ஸலாம்.